பிளேட் போடுகிறாளா என்பதைப் பிளேட்டிடமே கேளுங்கள்

வாசகர் கேள்வி: வணக்கமுங்க டாக்டர். கோபிச்செட்டிபாளையம் பக்கமிருந்து எழுதறேன். என் பொண்ணுக்கு 16 வயசு. நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் ஸ்கூல்ல பிளஸ் ஒன் படிக்கறா. நாலு பல் எடுத்து, ரெண்டு வருசம் கிளிப் போட்டு, மே மாசம் கழட்டினோமுங்க. கீழ் முன்பல்லுக்குப் பின்னாடி கம்பி ஒட்டியிருக்காங்க. மேலுக்கு, பல்லு திரும்ப நகராம இருக்க, கழட்டி மாட்டற ரோஸ் கலர் பிளேட், முன்னால கம்பி வெச்சது. முதல் மூணு மாசம் சாப்பிடற நேரம் போக முழு நாளும், அப்புறம் ராத்திரியில 10 மணி நேரம் போடணும்னாங்க. தீபாவளி லீவுக்கு வந்தப்ப என் முன்னாலயே போடச் சொன்னேன். 'இறுக்குதும்மா'ன்னு முகத்தைச் சுளிச்சா, ஆனா மாட்டிக்கிச்சு. பிளேட் மேல வெள்ளையாப் படிஞ்சிருந்துச்சு. கேட்டா, தெனமும் போட்டுட்டுத்தான் படுக்கறேன்னு சாதிக்கறா. ஹாஸ்டல்ல பத்தரைக்கு லைட்டை அணைச்சு அஞ்சு மணிக்கு எழுப்பி விட்டுடுவாங்க, போனும் கிடையாது. போட்டாளா இல்லையான்னு காட்டற சிப் இருக்குதுன்னு கேள்விப்பட்டேன். அதை வெச்சுக்கலாமுங்களா? அவங்க அப்பா, பேசாம மேலயும் கம்பி ஒட்டிடலாம்ங்கறார். எது சரிங்க?

பல் சீரமைப்பு மருத்துவரின் பதில்:

வணக்கம் அம்மா. உங்கள் மகள் பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டும் முன், உங்கள் கடிதத்திலேயே இருக்கும் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். பத்தரைக்கு விளக்கை அணைத்து ஐந்து மணிக்கு எழுப்புகிறார்கள் என்றால் தூக்கம் ஆறரை மணி நேரம். மருத்துவர் சொன்னது 10 மணி நேரம். படுக்கும்போது போட்டு எழுந்ததும் கழற்றுகிறாள் என்றால், ஓர் இரவு கூடத் தவறாமல் போட்டாலும் வாரத்துக்கு 70 மணி நேரத்துக்குப் பதில் நாற்பத்தைந்தரை மணி நேரம்தான் ஆகிறது. 'தினமும் போட்டுட்டுத்தான் படுக்கறேன்' என்பது முழு உண்மையாக இருந்துகொண்டே பிளேட்டும் இறுக்கலாம். 'போட்டாயா?' என்று கேட்டால் இது வெளியே வராது. 'எத்தனை மணிக்குப் போட்டே, எத்தனை மணிக்குக் கழட்டினே?' என்று கேட்டால் வரும்.

இறுக்கம் ஏன் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிளிப்பால் நகர்த்திய பல் எலும்பில் சிமென்ட் போட்டதுபோல் நிற்பதில்லை. வேரைச் சுற்றியுள்ள நார்கள் புதிய இடத்துக்கு ஏற்றபடி தங்களை மாற்றிக்கொள்ள மூன்று நான்கு மாதம் பிடிக்கும். ஈறுக்குள் இருக்கும் கொலாஜன் நார்களுக்கு நான்கிலிருந்து ஆறு மாதம். ஈறின் கழுத்துப் பகுதியில் இருக்கும் மீள் நார்கள்தான் பிடிவாதக்காரர்கள். ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். திருகி இருந்து நேராக்கிய பல்லை மறுபடி திருகப் பார்ப்பவை இவைதான். மே மாதம் கிளிப் கழற்றிய உங்கள் மகள் இந்த ஒரு வருடத்தின் நடுவில் இருக்கிறாள். பிளேட் வெளியே இருக்கும் நேரத்தில் பல் கொஞ்சம் நகர்கிறது. திரும்பப் போடும்போது பிளேட் அதைத் தள்ளி இடத்தில் வைக்கிறது. அந்தத் தள்ளுதலைத்தான் அவள் இறுக்கம் என்கிறாள். பிளேட் கடைசியில் முழுதாக உட்கார்ந்துவிட்டது என்பதால் காரியம் கெட்டுப்போகவில்லை. லீவுக்கு வந்த பரபரப்பில் இரண்டு இரவு விட்டாளா, ஹாஸ்டலில் மாதக்கணக்கில் குறைந்ததா என்பதை மட்டும் அந்த ஒரு நாள் இறுக்கத்தை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

இனி நீங்கள் கேட்ட சிப். அப்படி ஒன்று உண்டு. ஆஸ்திரியாவில் உருவான தெராமான் என்பது இதில் அதிகம் ஆய்வில் பயன்பட்டது. சுண்டுவிரல் நகமளவு இருக்கும் ஒரு வெப்ப உணரி அது. பிளேட்டின் அக்ரிலிக்குக்குள், அதாவது அந்த ரோஸ் நிற பிளாஸ்டிக்குக்குள், புதைத்துவிடுவார்கள். 15 நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பத்தைக் குறித்துக்கொள்ளும், ஒரு நாளைக்கு 96 குறிப்பு. வாய்க்குள் இருந்தால் 35, 36 டிகிரியில் நிற்கும், கழற்றி வைத்தால் அறை வெப்பத்துக்கு இறங்கும். மருத்துவமனையில் அதற்குரிய ரீடரின் மேல் வைத்தால் எந்தத் தேதியில் எத்தனை மணிக்குப் போட்டாள், எப்போது கழற்றினாள் என்பது வரைபடமாக வந்துவிடும். இப்படிப்பட்ட கருவிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒன்று: நோயாளி வாயால் சொல்லும் நேரம் கருவி காட்டும் நேரத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். பெரும்பாலும் அது ஏமாற்று வேலை இல்லை. போட்ட இரவு நினைவில் நிற்கும், மறந்த இரவு மறந்தே போகும்.

ஆனால் இந்தச் சிப் நம் பக்கத்து மருத்துவமனைகளில் பரவலாகக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் நீங்கள் வீட்டில் உட்கார்ந்து போனில் பார்க்கும்படி அது தகவல் அனுப்பாது. பிளேட் ரீடருக்கு வந்தால்தான் படிக்க முடியும். உங்கள் மகளின் பிளேட் அக்ரிலிக் என்பதால் வைப்பதற்கு இடம் இருக்கிறது, அந்த இடம் தடித்து நாக்கில் இடறும். நகர்த்திய பல்லை இடத்தில் நிறுத்தும் தட்டைத்தான் ரீட்டெய்னர் என்கிறோம், உங்கள் மகளின் பிளேட்டும் அதில் ஒரு வகை. கண்ணாடிபோல் பல்லைக் கவ்வும் ஒளிபுகு ரீட்டெய்னராக இருந்தால் சிப் வைப்பதே சிரமம்.

நம் ஊருக்கு என்றே ஒரு சங்கடமும் உண்டு. சித்திரை வெயிலில் ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கமெல்லாம் 40 டிகிரியைத் தொடும். தகரக்கூரையோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட அறையில் பெட்டிக்குள் கிடக்கும் பிளேட்டின் சூடு 36 டிகிரியில் போய் நின்றால், வெறும் எண்ணிக்கையைப் பார்க்கும் கணினி 'வாயில் இருக்கிறது' என்று கணக்கு எழுதிவிடும். வரைபடத்தின் வடிவத்தைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். வாயில் போட்டால் சூடு ஒன்றிரண்டு குறிப்புக்குள் சட்டென்று ஏறி, மேலே தட்டையாக நின்று, கழற்றியதும் சட்டென்று இறங்கும். அறைச் சூடு காலையிலிருந்து மெல்ல மெல்ல ஏறிப் பிற்பகலில் உச்சிக்குப் போய் மெல்ல இறங்கும். வெந்நீரில் போட்டு ஏமாற்றப் பார்த்தால் சட்டென்று ஏறும், ஆனால் ஆறிக்கொண்டே வந்துவிடும். சிலிக்கன் சில்லு சொல்வதையும் ஆள் படித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொரு வகையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிளிப்புக்குப் பதிலாகப் பல்லை நகர்த்தும் இன்விசலைன் என்ற ஒளிபுகு தட்டுகளில், பதின்வயதினருக்கான சிலவற்றில் நீலப் புள்ளி இருக்கும், எச்சிலில் கரைந்து மங்கும். அது சில வாரங்கள் போட்டு மாற்றும் தட்டுக்குச் செய்தது. டம்ளர் தண்ணீரில் ஊறப்போட்டாலும் மங்கும். வருடக்கணக்கில் போடும் ரீட்டெய்னருக்கு அது ஒத்துவராது.

சிப் வைக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் என் ஒரே நிபந்தனை: மகளுக்குத் தெரிந்து வையுங்கள். 16 வயதுப் பெண்ணின் வாயில் அவளுக்குத் தெரியாமல் உளவுக் கருவி வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வைத்தாலும் பயனில்லை. கண்காணிக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் சிலர் கூடுதல் நேரம் போடுகிறார்கள். ஒளித்து வைத்த சிப்புக்கு அந்தப் பலனும் கிடையாது, குற்றப்பத்திரிகை மட்டும்தான் மிஞ்சும். உங்கள் நிலைமையில் சிப் இல்லாமலே தேவையானது தெரிந்துவிடும். அவள் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

முதல் வேலை, பிளேட்டைக் கழுவுவதற்கு முன்பே வாங்கிப் பார்ப்பது. நீங்கள் சொன்ன வெள்ளைப் படிவை வைத்தே தொடங்குவோம். ஹாஸ்டலில் போர் தண்ணீர்தான் வரும் என்றால் அது உப்புத் தண்ணியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் அலசி ஈரத்தோடு டப்பாவில் மூடி வைத்தால், தண்ணீர் காய்ந்து உப்பு மட்டும் நிற்கும். ரோஸ் பரப்பு முழுவதும் ஒரே சீராக மெல்லிய வெள்ளைப் பூச்சாகத் தெரியும். விரலால் தேய்த்தால் கொஞ்சம் மாவாக வரும். வாயில் இருந்து வரும் காரை, அதாவது எச்சிலால் பல்லில் கெட்டியாகும் படிவு, அப்படிப் படியாது. எச்சில் சுரப்பியின் வாய் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கட்டியாகப் படியும்: மேல் தாடையில் கடைவாய்ப் பல்லின் கன்னத்துப் பக்கம், கீழ்த்தாடையில் முன்பல்லின் நாக்குப் பக்கம். ஆகவே மேல் பிளேட்டில் கடைவாய்ப் பல்லைப் பிடிக்கும் கொக்கியின் மடிப்பில் மஞ்சள் கலந்த, நகத்தால் சுரண்டினாலும் வராத படிவு இருந்தால் அந்தப் பிளேட் வாயில் நிறைய நேரம் இருந்திருக்கிறது. எங்கும் ஒரே மாதிரி வெள்ளை, கொக்கி மட்டும் பளபளவென்று புதிதுபோல் இருக்கிறது என்றால் அது டப்பாவில் அதிகம் இருந்த பிளேட்டாக இருக்கலாம். இந்த வயதில் சிலருக்குக் காரையே குறைவாகத்தான் படியும், எனவே இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

அந்த வெள்ளையைப் போக்க வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து 15 நிமிடம் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணியில் அலசினால் போதும். பிளீச்சிங் கலந்த எதுவும் வேண்டாம், கம்பி அரிக்கும். வெந்நீர் கூடவே கூடாது. அக்ரிலிக்கோ ஒளிபுகு தட்டோ சூட்டில் கோணிக்கொண்டால், பிறகு இறுக்கத்துக்குக் காரணம் மகளா வெந்நீரா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது போடச் சொல்லிப் பார்ப்பது. கையைக் கவனியுங்கள். பழகியவள் கண்ணாடி தேடமாட்டாள். அண்ணத்தில் வைத்துக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு, 'டக்', முடிந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்து, கடித்து உள்ளே தள்ளினால் பழக்கம் விட்டிருக்கிறது. கடித்து மாட்டுவதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள், கொக்கி வளைந்துவிடும். போட்டபின் இறுக்கம் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று கேளுங்கள். அதற்கு ஓர் எண் கொடுங்கள். இறுக்கமே இல்லை என்றால் சுழி, அதாவது பூஜ்யம். சில நிமிடங்களில் அடங்கினால் ஒன்று. இரவெல்லாம் இருந்து காலையில்தான் அடங்குகிறது, கழற்றியதும் பல் கொஞ்சம் கூசுகிறது என்றால் இரண்டு. முழுதாக உட்காரவே இல்லை என்றால் மூன்று. தீபாவளியன்று உங்கள் மகள் இருந்தது ஒன்றிலா இரண்டிலா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அவளிடமே கேளுங்கள், நினைவிருக்கும்.

இதில் எதிர்ப்பக்கத் தவறும் நடக்கும். இந்த வகைப் பிளேட்டை 1919-இல் சார்லஸ் ஹாலி அறிமுகப்படுத்தினார், இன்றும் அவர் பெயரிலேயே அழைக்கிறோம். வளைத்துச் சரிசெய்யக்கூடிய கம்பிதான் அதன் பலம், பலவீனமும் அதுவே. நாக்கால் நெம்பிக் கழற்றி விளையாடும் பழக்கம் இருந்தால் கொக்கி தளர்ந்துபோகும். தளர்ந்த பிளேட் எத்தனை நாள் போடாமல் விட்டாலும் சுலபமாக உள்ளே போய் உட்காரும், 'இறுக்கமே இல்லையே' என்று நாமும் சந்தோஷப்பட்டுவிடுவோம். ஆகவே போட்டபின் ஜன்னல் வெளிச்சத்தில் முன்கம்பியைப் பாருங்கள். கம்பி வெட்டுப்பற்களின் முகப்பை லேசாகத் தொட்டபடி செல்ல வேண்டும். எங்காவது கம்பிக்கும் பல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் ஒன்று கம்பி வளைந்திருக்கிறது, இல்லை பல் விலகியிருக்கிறது. வாயைத் திறந்ததும் பிளேட் தானாக விழுந்தால் கொக்கியை மருத்துவர் இறுக்கித் தர வேண்டும். வீட்டில் கட்டிங் பிளேயர் வைத்து வளைக்க வேண்டாம்.

நாலு பல் எடுத்த கேஸ் என்பதால் கூடுதலாக ஓர் இடம் பார்க்க வேண்டும். கோரைப்பல்லுக்கும் அதற்கு அடுத்த பல்லுக்கும் இடையில்தான் எடுத்த பல்லின் காலி இடத்தை மூடியிருப்பார்கள். அங்கே ஃப்ளாஸ் நூலை விட்டால் ஒரு தடையைத் தாண்டி 'டக்' என்று இறங்க வேண்டும். வழுக்கிக்கொண்டு இறங்கினால் இடைவெளி திறக்கிறது. சில பிளேட்டுகளில் முன்கம்பி இதே இடத்தின் வழியாகத்தான் உள்ளே திரும்பும். அப்போது கம்பியே ஆப்பு மாதிரி அந்த இடைவெளியைத் திறந்துவிடக்கூடும். பிளேட்டை ஒழுங்காகப் போடப் போட இடைவெளி பெரிதாகிற விபரீதம் இது. அப்படி இருந்தால் மகளைத் திட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கம்பியைக் கடைவாய்க் கொக்கியோடு பற்றவைத்து, அந்த இடத்தைக் குறுக்கிடாமல் அமைக்க வழி உண்டு.

இரவில் பிளேட் இருந்ததா என்பதற்கு அண்ணமும் சாட்சி சொல்லும். காலையில் கழற்றிய உடனே டார்ச் அடித்துப் பாருங்கள்: அக்ரிலிக்கின் பின் விளிம்பு அண்ணத்தில் மெல்லிய கோடாகப் பதிந்திருக்கும். பகலில் அது மறைந்துவிடும், ஆகவே மத்தியானம் வந்து இறங்கியவளைப் பார்த்து 'கோடு காணோமே' என்று கேட்கக் கூடாது. கோடாக இல்லாமல் பிளேட் மூடும் இடம் முழுவதும் சிவந்திருந்தால் அது சுத்தம் சம்பந்தப்பட்டது. கழுவாமல் போடுவதால் பூஞ்சை பிடித்திருக்கலாம், காட்டுங்கள்.

பேச்சை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பிளேட்டைப் போட்டுக்கொண்டு செய்தித்தாளில் ஒரு பத்தி படிக்கச் சொன்னால் பழகியவளுக்கு ச, ஸ எல்லாம் தெளிவாக வரும், பழகாதவளுக்குக் காற்று பிசிறும். முழு நாளும் போடும் காலத்தில் இது நல்ல சோதனை. இரவில் மட்டும் போடுகிறவள் அதைப் போட்டுக்கொண்டு பேசுவதே இல்லை என்பதால் இப்போது உங்களுக்கு உதவாது.

நான் மிகவும் நம்புவது அளவுகோல் தட்டு. உங்கள் மருத்துவரிடம் மேல் பல்லுக்கு ஒளிபுகு ரீட்டெய்னர் ஒன்று கூடுதலாகச் செய்து தரச் சொல்லுங்கள். கிளிப் கழற்றிய அன்று பிளாஸ்டர் மாவில் வார்த்த பல் மாடலோ ஸ்கேன் கோப்போ இருந்தால் அதன்மேலேயே செய்யலாம். கிளிப் கழற்றிய நாளின் பல்வரிசை அதில் அச்சாக நிற்கும். இதைப் போட்டுத் தூங்க வேண்டாம், வீட்டில் நிழலான அலமாரியில் டப்பாவில் இருக்கட்டும். காரின் டேஷ்போர்டில் வேண்டாம். அவள் வரும்போது ஒரு முறை மாட்டிப் பாருங்கள். ஹாலி பிளேட் கம்பியால் பிடிப்பதால் சின்ன நகர்வை மறைத்துவிடும். இது ஒவ்வொரு பல்லையும் தொப்பிபோல் மூடுவதால் மறைக்காது. பல்லின் நுனிக்கும் பிளாஸ்டிக்கின் உட்புறத்துக்கும் இடையே காற்று இடைவெளி இருக்கிறதா, எந்தப் பல்லில் என்று வெளியிலிருந்தே தெரியும். ஏ.டி.எம். கார்டின் தடிமன் சுமார் முக்கால் மில்லிமீட்டர். அந்த அளவு இடைவெளி கண்ணில் பட்டால் லீவு முடிவதற்குள் மருத்துவரைப் பாருங்கள். பல்லை நகர்த்துவதற்கென்றே செய்யும் அலைனர் தட்டுகளே ஒவ்வொன்றும் சுமார் கால் மில்லிமீட்டர்தான் நகர்த்தும். முக்கால் மில்லிமீட்டரை ரீட்டெய்னர் தானாக இழுத்துக்கொண்டு வரும் என்று காத்திருப்பது வீண்.

போட்டோவும் எடுத்து வையுங்கள். காலை வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் முகம் திருப்பி, போனின் பின் கேமராவில், பல்லைக் கடித்தபடி நேராக ஒன்று, மேல் பல்வரிசையைக் கீழிருந்து ஒன்று, கீழ் வரிசையை மேலிருந்து ஒன்று. ஒவ்வொரு முறையும் அதே தூரம், அதே கோணம். இரண்டு மாதப் படங்களை அடுத்தடுத்து வைத்தால், நேரில் பார்க்கும்போது தெரியாத திருகல் கண்ணில் படும்.

ஹாஸ்டலில் இருக்கும் நாட்களுக்கு ஒரு தாள் போதும். முப்பது கட்டம் போட்டு, படிப்பு நோட்டின் பின்னட்டைக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அதில் 'போட்டேன், போடவில்லை' என்று குறிக்கச் சொல்லாதீர்கள். எந்தப் பிள்ளையும் 'போட்டேன்' என்றுதான் குறிக்கும், அதுவும் ஊருக்குப் பஸ் ஏறும் முந்தின நாள் ஒரே பேனாவில் முப்பது கட்டத்தையும். நான் மேலே சொன்ன சுழி, ஒன்று, இரண்டு, மூன்று என்ற இறுக்க எண்ணை இரவு போடும்போது எழுதச் சொல்லுங்கள், பக்கத்தில் போட்ட மணி. அதில் நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை என்ற கேள்வியே இல்லை. தொடர்ந்து சுழி வந்தால் நேரம் போதுகிறது. சனி, ஞாயிறுக்குப் பிறகு மட்டும் ஒன்று வந்தால் வார இறுதியில் எதுவோ நடக்கிறது. இரண்டு தொடர்ந்து மூன்று நாள் வந்தால் வார்டனிடம் சொல்லி உங்களுக்குப் போன் பேச வேண்டும் என்று முன்பே பேசி வையுங்கள்.

அந்த 10 மணி நேரத்தை எப்படி நிரப்புவது? ராத்திரிச் சாப்பாடு முடிந்து பல் தேய்த்ததும் எட்டரைக்கே போட்டுவிட்டு ஸ்டடிக்கு உட்காரட்டும். காலையில் ஐந்து மணிக்கு எழுந்ததும் கழற்றாமல், முதல் ஸ்டடி முடித்து ஆறரைக்குக் குளிக்கப் போகும்போது கழற்றட்டும். எட்டரையிலிருந்து ஆறரை வரை சரியாக 10 மணி நேரம். நடுவில் தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை போட்ட பாலோ ஹார்லிக்ஸோ குடித்தால் கழற்றித்தான் குடிக்க வேண்டும், இனிப்பு பிளேட்டுக்கு அடியில் தேங்கினால் பல் சொத்தையாகும். டப்பாவின் இடத்தையும் மாற்றுங்கள். டிரங்குப் பெட்டிக்குள் பூட்டி வைத்த டப்பாவைத் தூக்கம் வரும் நேரத்தில் யாரும் திறக்கமாட்டார்கள். பிரஷ் இருக்கும் மக்கிலேயே இருக்கட்டும், மேலே பெயர் எழுதி. தோழிகள் சிரிப்பதுதான் காரணம் என்றால் அதை அவளே உங்களிடம் சொல்லும்படி கேளுங்கள். 'போடலைன்னா சொல்லு கண்ணு, வழி பண்ணலாம்' என்று கேட்கும் வீட்டில் உண்மை வரும். '80,000 ரூபா செலவு பண்ணினோம்' என்று தொடங்கும் வீட்டில் வராது.

அவள் அப்பா சொன்ன மேல் கம்பியைப் பற்றி. தவறான யோசனை இல்லை, ஹாஸ்டல் முடியும் வரைக்கும் என்று சிலருக்குச் செய்வதுண்டு. ஆனால் மேல் முன்பல்லின் பின்பக்கம்தான் கீழ்ப்பல் வந்து இடிக்கும் இடம். கடி ஆழமாக இருந்தால் கம்பி ஒட்டவே இடம் இருக்காது. ஒட்டினாலும் கரும்பும் கடலை உருண்டையும் கடிக்கிற வாயில் சீக்கிரம் பிய்ந்துவிடும். கம்பி ஒட்டினால் கண்காணிப்பு வேலை ஒழிந்தது என்றும் நினைக்க வேண்டாம், வேறு வேலை வந்து சேரும். ஆறு பல்லில் ஒட்டிய கம்பியில் ஒரு பல்லின் பசை மட்டும் விட்டுப்போனால் கம்பி மற்ற ஐந்தில் அப்படியே நிற்கும், வலிக்காது, யாருக்கும் தெரியாது. விடுபட்ட அந்த ஒரு பல் மட்டும் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். கீழே ஏற்கெனவே ஒட்டியிருப்பதற்கும் இது பொருந்தும்: அவள் வரும்போது சின்னக் கண்ணாடி வைத்து ஒவ்வொரு பல்லிலும் பசைப் புள்ளி இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள், கம்பியை நகத்தால் மெல்ல நெம்பினால் எங்காவது துள்ளுகிறதா என்றும் பாருங்கள். ஏதாவது ஒரு பல் மற்றவற்றைவிட்டுச் சாய்வது தெரிந்தால், கம்பி ஒட்டியபடியே இருந்தாலும் காட்ட வேண்டும். கம்பி முறுக்கிக்கொண்டு பல்லைத் தள்ளுவதும் உண்டு. கீழ்க் கம்பியைச் சுற்றிக் காரை சேரும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்தாக வேண்டும். என் கருத்தில், தாளில் இரண்டு மாதம் பார்த்துவிட்டு, நேரத்தைச் சரிசெய்தும் இரண்டு, மூன்று என்று எண் வந்தால் அப்போது மேல் கம்பியை யோசிக்கலாம். இப்போதே வேண்டாம்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: வீட்டில் இருக்கும் நாட்களில் சாப்பாட்டு நேரம் தவிர முழு நேரமும் போடட்டும், இறுக்கம் சுழிக்கு வரும்வரை. பெரும்பாலும் சில நாட்களில் வந்துவிடும். ஒரு வாரம் ஆகியும் இறங்கவில்லை என்றாலோ, பிளேட் உட்கார மறுத்தாலோ, அமுக்கித் திணிக்காமல் மருத்துவரிடம் போங்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் பிளேட்டைக் கழற்றி இலை ஓரத்தில் வைத்து இலையோடு மடித்துப் போடுவது, டிஷ்யூவில் சுற்றிக் குப்பைக்குப் போவது, வீட்டு நாய் கடித்துத் துப்புவது, இவைதான் பிளேட் காணாமல் போகும் வழக்கமான வழிகள். அப்படித் தொலைந்தால் அரையாண்டு லீவுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் அந்த வாரமே வார்டனிடம் அனுமதி வாங்கி அழைத்துவந்து அளவு கொடுங்கள். அதுவரைக்கும் அளவுகோல் தட்டையே இரவில் போட்டுக்கொள்ளலாம். மருத்துவரிடம் பழைய மாடல் இன்னும் இருக்கிறதா என்று இப்போதே போன் செய்து கேட்டுவிடுங்கள். மாவு மாடலை எல்லா இடத்திலும் பல வருடம் வைத்திருக்க மாட்டார்கள். தருவார்கள் என்றால் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்கேன் கோப்பாக இருந்தால் பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள்.